சனியின் வளையத்தில் ஒரு மோட்டார் வண்டி

சினிமாவைப் பற்றி நான் எழுதப் புகுந்தமை என்னிடம் பயின்ற பலருக்கு வியப்பைத் தரும். விடுதிப் பொறுப்பு என் கையில் இருந்த காலத்தில், படம் பார்ப்பதற்காக மதிலேறிக் குதித்த மாணவன் ஒருவனை, நன்னூற் பதவியற் சூத்திரங்கள் அனைத்தையும் பத்துமுறை எழுதும்படி பணித்தவன் நான். அவன் எழுதினான். பின்பு பொறியியல் கற்று நல்ல உத்தியோகத்தில் அமர்ந்து, சென்ற சித்திரை விடுமுறையிலே மடிக்கணினி ஒன்றோடு என் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தான். ஐயா மூன்று நிமிடம் தரவேண்டும் என்று கேட்டான். பதவியல் முழுவதையும் இன்றும் மனப்பாடமாகச் சொல்லிக்காட்டிய பின்னரே அவ்வாறு கேட்டான். எங்ஙனம் மறுப்பது?

அவன் காட்டியது 1906ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ஊமைப் படம். அதன் தலைப்பிலே ஒரு கேள்விக்குறியும், மோட்டார் ஓட்டி என்னும் பொருளுடைய ஒரு சொல்லும் மாத்திரமே உள. ஓர் ஆணும் பெண்ணும் திறந்த மோட்டார் வண்டியில் விரைந்து வருகின்றனர். பொலிசுக்காரர் ஒருவர் மறிக்கிறார். வண்டி நிற்பதாயில்லை. அவர் அதன் முகப்பிலே தொற்றிக்கொள்கிறார், தூக்கி எறியப்படுகிறார், சக்கரங்கள் அவர்மேல் ஏறிச் செல்கின்றன. அவரோ எழுந்து பின்னாலே ஓடுகிறார். எதிரே ஒரு கட்டடம் நிற்கிறது. வண்டி திரும்பவில்லை. சுவரில் நேரே மேலேறி, மேகத்துட் புகுந்து, முகம் எழுதிய வான்கோளம் ஒன்றைச் சுற்றி, பின்பு சனிக் கிரகத்தின் வளையத்தையே தெருவாகக் கொண்டு ஓடுகிறது. அங்கிருந்து வழுவி அது பூமியில் விழுந்த இடம் ஒரு நீதிமன்றத்தின் கூரை. விசாரணை மண்டபத்தின் நடுவே இறங்கிய வண்டி வாயில் வழியே வெளியேற, எல்லோரும் துரத்துகின்றனர். பிடித்துவிட்டோம் என்று அவர்கள் எண்ணிய கணத்தில் அது குதிரை பூட்டிய நாட்டுப்புற வண்டியாகிவிடுகிறது. அவர்கள் திகைத்து நிற்க, மறுபடியும் மோட்டார் வண்டியாகி ஓடி மறைகிறது.

நான் சிரித்துவிட்டேன். மறுமுறை போடும்படி கேட்டேன் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. புட்பக விமானத்தின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு வாகனம் வானேறுதல் புதுமையன்று. ஆயினும் புட்பகத்தைத் துரத்திக்கொண்டு ஒரு பொலிசுக்காரர் ஓடியதாக எந்தப் புலவரும் பாடினாரில்லை.

இதனைத் தயாரித்தவர் றொபேட் வில்லியம் போல் என்று அவன் சொன்னான். பிரித்தானியச் சினிமாவின் தந்தை என்று அந்நாட்டார் சிலர் அவரைப் போற்றுவர். அவரோ பயிற்சியாலும் கைப்பழக்கத்தாலும் அளவைக் கருவி செய்பவர். சினிமா அவருடைய வாழ்க்கையில் வந்து தங்கிப் பதினைந்து ஆண்டளவில் வெளியேறிப்போன விருந்தாளி. அந்த விருந்தாளியை அவர் வழியனுப்பிய விதமே அவருடைய சரித்திரத்தை நான் தேடிப் படித்ததற்குக் காரணம்.

போல் 1869ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 3ஆம் திகதி இலண்டனிற் பிறந்தார். ஃபின்ஸ்பரித் தொழில்நுட்பக் கல்லூரியிற் கற்றார். எலியற் சகோதரர் தொழிலகத்திலே மின்கருவி செய்யும் நுட்பத்தைக் கையாற் பயின்றார். பெல்ஜிய நாட்டு அன்ற்வேர்ப் நகரத்துத் தொலைபேசிக் கம்பனியிலும் சிலகாலம் வேலைபார்த்தார். 1891இல், இருபத்திரண்டு வயது நிரம்புமுன்னரோ நிரம்பியவுடனோ, இலண்டனில் ஹற்றன் கார்டன் தெரு 44ஆம் இலக்கத்திலே சொந்தப் பட்டறை வைத்தார். அது வைர வாணிகத்துக்குப் பேர்போன தெரு. இவர் செய்ததும் ஒருவகையில் மணி நிறுக்கும் தொழிலே: கண்ணுக்குத் தோன்றாத மின்னோட்டத்தை மயிரிழை பிசகாமல் அளந்து சொல்லும் கருவிகள்.

1894ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டவர் இருவர் அப்பட்டறைக்கு வந்தனர். அமெரிக்காவில் எடிசன் செய்த ஒரு பெட்டியை அவர்கள் இலண்டனிலே காட்சிக்கு வைத்திருந்தனர். பெட்டியின் மேலுள்ள துளையிற் கண்ணை வைத்து ஒருவர் பார்க்க, உள்ளே சிறு படங்கள் அசையும். ஒரு வேளையில் ஒருவர்க்கே காட்சி. அதைப் போலவே வேறு சில பெட்டிகள் செய்து தரவேண்டும் என்பது வந்தவர்களின் வேண்டுகோள். எடிசனின் உரிமையைக் களவாடுவதோ என்று போல் முதலில் மறுத்தார். பின்பு ஆராய்ந்து பார்த்தபோது, எடிசன் இங்கிலாந்திலே அதற்கு உரிமைப் பதிவு செய்யவில்லை என்பது தெரிந்தது. சட்டம் தடையன்று என்று கண்டபின் அவர்களுக்கும் செய்துகொடுத்தார், தமக்கும் செய்துகொண்டார். அறம் இதற்கு என்ன சொல்லும் என்பது வேறு வினா. நம்முடைய பழைய ஏடுகளைப் பெயர்த்தெழுதி அச்சிட்டவர்களிடமும் கேட்கத்தக்க வினாவாதலின் அதனை இங்கே நீட்டவில்லை.

பெட்டி வந்தது; படச்சுருள் வரவில்லை. எடிசனின் தரப்பார் தம் பெட்டியை வாங்கினோர்க்கே சுருள் விற்றனர். ஆகவே படம் பிடிக்கும் யந்திரத்தையும் தாமே செய்யவேண்டிய நிலை போலுக்கு ஏற்பட்டது. பேர்ட் ஏக்கர்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர் துணைசேர்ந்தார். 1895ஆம் ஆண்டின் முற்பகுதியில் யந்திரம் இயங்கியது. அவ்வாண்டிலேயே இருவரும் பிரிந்தனர். எவர் கண்டுபிடித்தது எவ்வளவு என்னும் பூசல் பின்னரும் ஓயவில்லை. புலவர் பூசலுக்குச் சற்றும் குறையாத பூசல்.

இனி வருவதே அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிக விருப்பமான பகுதி. அந்த 1895ஆம் ஆண்டிலே எச். ஜீ. வெல்ஸ் எழுதிய காலயந்திரம் என்னும் நாவல் வெளிவந்தது. கருவி செய்பவரான போல் அதைப் படித்தார். படித்த கையோடு வெல்ஸுக்குக் கடிதம் எழுதினார். வெல்ஸ் அப்பொழுது முப்பது வயதை எட்டாத இளைஞர். அவர் ஹற்றன் கார்டனுக்கு நேரில் வந்து பேசினார். அவ்வாண்டு ஒக்ரோபர் 24ஆம் திகதி போல் ஓர் உரிமைப் பதிவுக்கு விண்ணப்பஞ் செய்தார். சபையோரை ஒரு மேடையில் அமர்த்தவேண்டும். அம்மேடை மெல்ல அசையவேண்டும். முகத்தில் காற்று வீசவேண்டும். விளக்கு அணைந்து இருள் பரவவேண்டும். பின்பு திரையிலே பழங்காலமும் எதிர்காலமும் படங்களாகத் தோன்றி, அண்மையும் சேய்மையும் ஆகி, ஒன்றிலொன்று கரைந்து மாறவேண்டும். காலத்தைக் கடந்து செல்கின்றோம் என்று உட்கார்ந்திருப்பவர் உடம்பே நம்பவேண்டும் என்பது அவர் கருத்து.

இந்தத் திகதியை வாசகர் ஒருமுறை கூர்ந்து நோக்கவேண்டும். பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர் காசு வாங்கிக்கொண்டு மக்களுக்குப் படங்காட்டியது அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் திகதி. திரையிற் படம் விழுத்தும் யந்திரத்தைப் போல் அன்றைக்குச் செய்துமுடிக்கவுமில்லை. யந்திரம் முற்றுப்பெறுமுன்னரே அதைக்கொண்டு காலக் கடலைத் தாண்டுவதற்குத் திட்டம் போட்டுவிட்டார். அளவைக் கருவி செய்பவர் கற்பனை வறண்டவர் என்று இனி நான் சொல்லமாட்டேன். அத்திட்டம் நிறைவேறவில்லை. அதற்கு வேண்டிய பணம் இல்லை, விண்ணப்பமும் வழக்கொழிந்தது. மேடை அசைய, காற்று வீச, வான்பயணம் போனதுபோலக் காட்டும் கொட்டகைகள் இக்காலத்து உல்லாசப் பூங்காக்களில் உள்ளன என்று என் மாணவன் கூறினான்.

1896ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி, தாம் கற்ற ஃபின்ஸ்பரிக் கல்லூரியிலேயே போல் தமது திரைப்பட யந்திரத்தை இயக்கிக்காட்டினார். அதே நாளில் இலண்டனின் வேறொரு மண்டபத்திலே லூமியரின் யந்திரமும் பத்திரிகையாளருக்குக் காட்டப்பட்டது. அந்த யந்திரத்தின் உயிர்நிலை எதுவென்று என் மாணவன் விளக்கியபோது எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். படச்சுருள் இடைவிடாது ஓடினால் திரையிலே வெறும் மங்கலே தோன்றும். ஒவ்வொரு படமும் ஒளியின் முன் ஒரு கணம் நிற்கவேண்டும். பின்பு சட்டென்று நகர்ந்து அடுத்த படத்துக்கு இடம்விடவேண்டும். ஒரு விநாடிக்குள் இது பல தடவை நிகழவேண்டும். இதற்காகப் போல் விண்மீன் வடிவில் முனைகள் உடைய சக்கரம் ஒன்றை அமைத்தார். இடைவிடாது சுழலும் சுழற்சியை நிற்பதும் நகர்வதுமாக அது மாற்றிக்கொடுத்தது. கடிகாரக்காரரும் கருவிசெய்வோரும் மாத்திரம் எண்ணத்தக்க எண்ணம் அது. நின்றால்தான் ஓட்டம் தெரியும் என்பது யாப்பிலே சீர்பிரிப்பாருக்கும் தெரிந்த சங்கதியே.

மார்ச் மாதத்தில் லெஸ்ரர் சதுக்கத்து அல்ஹம்பிரா அரங்கு இரண்டு வாரத்துக்கென்று அவரை ஒப்பந்தஞ் செய்தது. அந்த இரண்டு வாரம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஜூன் 3ஆம் திகதி எப்சம் குதிரைப்பந்தயத்திலே வேல்ஸ் இளவரசரின் பெர்சிமன் என்னும் குதிரை வென்றது. போல் அதைப் படமாக்கி, இரவோடிரவாகக் கழுவி, மறுநாள் மாலையே அரங்கில் ஓடவிட்டார். சபையோர் எழுந்து ஆரவாரித்து, மீண்டும் மீண்டும் காட்டச்செய்தனர். நேற்று நடந்ததை இன்று கண்ணாற் காணுதல் அதுவரை மனிதர்க்கு அரிதாகவே வாய்த்த ஒன்று.

யந்திரங்களை அவர் மறைத்துவைக்கவில்லை, விலைக்கு விற்றார். லூமியர் சகோதரர் தம் யந்திரத்தை விற்க மறுத்த காலம் அது. பாரிஸ் நகரத்து வித்தைக்காரர் ஜோர்ஜ் மெலியே போலின் யந்திரத்தை வாங்கித் தமக்கேற்பத் திருத்திக்கொண்டார். 1902இல் சந்திரனுக்குப் பயணம் என்னும் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் அந்த மெலியேயே. ஆகவே சந்திரன் கண்ணிலே ஏவுகுண்டு தைத்த அந்த உலகறிந்த காட்சிக்கும் ஹற்றன் கார்டன் பட்டறைக்கும் உறவு உண்டு.

1897இல் போல் எல்லென் டோஸ் என்பவரை மணந்தார். அவர் அல்ஹம்பிரா அரங்கின் நடனமாது. முந்திய ஆண்டிலே அவ்வரங்கின் கூரைமேல் எடுக்கப்பட்ட ஒரு போர்வீரனின் காதல் என்னும் சிறு படத்தில் அவரும் நடித்தவர். பிரித்தானியாவிலே கதை அமைத்து நடிகரைக் கொண்டு எடுத்த படங்களுள் முன்வரிசையில் வைக்கத்தக்கது அது. 1898இல் இலண்டனின் வடபுறத்து மஸ்வெல் ஹில் பகுதியிலே படமெடுப்பதற்கென்றே போல் ஒரு கட்டடம் எழுப்பினார்.

அங்கே அவரிடம் வந்து சேர்ந்தவர் வோல்ற்றர் பூத். வூஸ்ரர் நகரத்துப் பீங்கான் தொழிற்சாலையிலே சித்திரந் தீட்டிப் பழகியவர். பின்பு மேடையிலே மாயவித்தை செய்தவர். கருவிசெய்பவரும் சித்திரக்காரரான வித்தைக்காரரும் கூடினால் என்ன விளையும்? பேய்கள் சுவரூடு நுழைந்தன, மனிதர் புகையாயினர். நாம் கண்ட மோட்டார் வண்டிப் படமும் பூத் இயக்கியதே. வானம் தீட்டிய திரை. சனிக் கிரகம் ஓர் உருண்டையும் ஒரு தட்டும். வளையத்தில் ஓடுவது விளையாட்டு வண்டி. பொலிசுக்காரர் நசுங்கும் இடத்திலே படக்கருவியை நிறுத்தி, ஆளை எடுத்துப் பொம்மையை வைத்து, மறுபடி ஓட்டினர். மோட்டார் வண்டி குதிரை வண்டியானதும் அம்முறையாலேயே. இவ்வளவே மூலதனம். இன்று எத்தனையோ ஆயிரம் பேரின் பெயர் நிரல் ஓடும் விண்வெளிப் படங்களின் முன்னே இதை வைத்தால் கூழும் விருந்தும்போல இருக்கும். பசித்தவனுக்குக் கூழ் இனிக்கும் என்பது மாத்திரம் அன்று; இக்கூழ் உண்மையாகவே சுவையாயிருக்கிறது.

சுவைக்குக் காரணம் அக்காலத்து நடைமுறை. 1903ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் வண்டிக்கு இலக்கத் தகட்டை விதித்தது. மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓடுதலைக் குற்றமாக்கியது. பொலிசார் வேலியோரங்களில் ஒளிந்திருந்து, மணிக்கூட்டைக் கையில் வைத்து வேகத்தைக் கணக்கிட்டுப் பிடித்தனர். பிடிபட்டோர் நீதிவான் முன் நின்றனர். படத்திலே வண்டி ஏன் நீதிமன்றத்துக் கூரையில் விழுகிறது என்பதை அன்றைச் சபையோர்க்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. சனிக் கிரகத்தில் வேக எல்லை இல்லை. தண்டத்துக்கு அஞ்சியவர் அங்கேயன்றி வேறெங்கே போவார்?

இனிக் கசப்பான பகுதி. 1910ஆம் ஆண்டளவிலே போல் சினிமாத் தொழிலைக் கைவிட்டார். அத்தொழில் அப்பொழுது பெருவாணிகமாகிவிட்டது; பெருமுதல் இட்டோரின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. கருவிகளின் பக்கம் முற்றாகத் திரும்ப அவர் விரும்பினார். அது குற்றமன்று. ஆனால் தம் கையிருப்பிலிருந்த மூலப்படச் சுருள்களையும் அழித்துவிட்டார். ஏறக்குறைய 800 படங்கள் அவர் தயாரித்தவை. இன்று எஞ்சியுள்ளவை 80 அளவில். அவையும் பெரும்பாலும் யாரோ வாங்கி எங்கோ மூலையிற் போட்டுவைத்த பிரதிகள்.

ஏன் அழித்தார்? பயன்முடிந்த சரக்கு என்று கருதியிருக்கலாம். அச்சுருள்கள் தீப்பற்றும் இயல்பின, வைத்திருத்தல் ஆபத்து. இக்காரணங்களை என் மாணவன் அடுக்கினான். நான் வாளாவிருந்தேன். என் நெஞ்சிலே ஓடியது வேறு.

பண்டிதப் பரீட்சையில் தேறிய ஆண்டிலே, அதற்குமுன் ஊர் வாசகசாலை இளைஞர்களுக்காக நான் எழுதிய நாடகங்கள் நான்கையும் கிணற்றடியில் வைத்துக் கொளுத்தினேன். அவற்றிலே பேச்சுத்தமிழ் இருந்தது, விகடன் ஒருவன் இருந்தான், சந்திப்பிழையும் இருந்தது. பண்டிதன் பெயரில் அவை கிடத்தல் தகாது என்று எண்ணினேன். அதன்பின் நான் எழுதியவை இலக்கணக் குறிப்புகளும் உரைவிளக்கங்களும். அவற்றைக் குறைவாக நான் மதிக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் ஊரிலே முதியவர் என்னைக் கண்டால் உரைவிளக்கத்தைப் பற்றி விசாரிப்பதில்லை. அந்த விகடன் சொன்ன பகிடியை நினைவூட்டிச் சிரிக்கின்றனர். பகிடி எனக்கு மறந்துபோயிற்று. அவர்கள் சொல்லும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கின்றனர்.

ஆகையால் போல் மீது கல்லெறிய எனக்கு உரிமையில்லை.

அவர் திரும்பிப்போன தொழிலிலும் பெரியவராகவே விளங்கினார். 1903இலேயே அவர் அமைத்த மின்னளவைக் கருவி ஒன்று புகழ்பெற்றது. அத்தகைய கருவிகளில் அசையும் சுருள் மெல்லிய இழையிலே தொங்கும். மேசை சற்றுச் சரிந்தாலும் அளவு பிழைக்கும். போல் அச்சுருளை அதன் நிறைமையத்தில் ஒரேயொரு கூர்முனைமேல் நிறுத்தினார். மட்டம் பாராமல் எங்கும் எடுத்துச்செல்லத்தக்க கருவியாயிற்று. ஆய்வுகூடங்களும் தொழிற்சாலைகளும் அதை விரும்பி வாங்கின. முதலாம் உலகப் போரிலே நீர்மூழ்கிப் போருக்குரிய கருவிகள் செய்வதிலும் அவர் ஈடுபட்டார். போர் முடிந்தபின் அவருடைய தொழிலகம் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானக் கருவிக் கம்பனியோடு இணைந்தது.

1930களில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். நோபல் பரிசு பெற்ற பௌதிக அறிஞர் வில்லியம் பிராக், தசைகள் செயலிழந்து மூச்சுவிட இயலாது வருந்திய ஒருவருக்கு உதவ முயன்றார். உதைபந்தின் உள்ளே இருக்கும் காற்றுப்பையை மார்பிலே கட்டி, ஊதுவதும் தளர்த்துவதுமாக மூச்சை இயக்கலாம் என்று கண்டார். கையினால் எவ்வளவு நேரம் செய்வது? அதைத் தானே இயங்கும் யந்திரமாக்கியவர் போல். மார்பைச் சுற்றிய பை விம்மும், நிற்கும், தளரும், மறுபடி விம்மும். இளவாதத்தினால் நெஞ்சு முடங்கியவர்களுக்கும் அந்த யந்திரம் பயன்பட்டது. நிறுத்தி நகர்த்தும் கலையை விண்மீன் சக்கரத்திலே பழகிய கை அது. அதற்கு அப்பொழுது வயது அறுபதுக்கு மேல்.

1936ஆம் ஆண்டு, திரைப்படத் தொழில்நுட்பச் சங்கம் ஒன்று முன்னோடிகளை அழைத்துப் பேசச்செய்தது. போலும் சென்று பழங்கதை கூறினார். கிரேக்கர் வந்ததும், வெல்ஸோடு பேசியதும், பந்தயப் படத்துக்காக இரவெல்லாம் விழித்ததும் பிற்காலத்தார்க்குத் தெளிவாகத் தெரிந்தமைக்கு அவர் சொல்லிவைத்தவையும் துணையாயின. அவர் பேச்சிலே ஆரவாரம் இல்லை. கணக்குப் புத்தகம் ஒப்புவிப்பவர்போலச் சொல்லிச் செல்கிறார். 1943ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி, இரண்டாம் உலகப் போரின் நடுவே, எழுபத்துமூன்றாம் வயதிலே காலமானார்.

அல்ஹம்பிராக் கூரைமேல் எடுத்த அந்தப் போர்வீரனின் காதலும் அழிந்த படங்களோடு அழிந்ததென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2011ஆம் ஆண்டிலே உரோமாபுரியின் படக்காப்பகத்தில் அது கிடைத்தது. அதையும் என் மாணவன் காட்டினான். ஒரு பூங்கா இருக்கை. போர்வீரனும் அவன் காதலியும் நெருங்கி அமர்ந்திருக்கின்றனர். மூதாட்டி ஒருத்தி வந்து அதே இருக்கையில் உட்கார்ந்து அவர்களைத் தள்ளுகிறாள். பார்த்து முடிந்ததும் மின்சாரம் போய்விட்டது. விறாந்தையில் இருட்டிலே இருந்தபடி, நாடகங்களில் ஏதாவது ஒரு பிரதி யாரிடமாவது இருக்குமா என்று அவன் என்னைக் கேட்டான். வாசகசாலையில் பொலிசுக்காரர் வேடம் போட்டவர் இப்பொழுது வவுனியாவில் இருக்கிறார் என்றேன். விலாசம் கேட்டு எழுதிக்கொண்டான்.